நம்பர் பெட்டி வேண்டுமா, வேண்டாமா?

விற்பனை வேலையில் இருப்பவன் மறந்தும் செய்யக் கூடாத காரியம், விற்கிற சாமான்மேல் ஆசை வைப்பது. மிட்டாய்க் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இனிப்பு திகட்டிவிடுமாம். நான் சேர்ந்தது இயந்திரக் கடை. எனக்குக் கடைசி வரை திகட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடிக்கடை. தரைத்தளம் முழுக்க பம்புசெட்டு. மாடியில் துளை போடும் மிஷின், சாணை மிஷின், அப்புறம் ஜன்னலோரமாக ஒரு சின்ன லேத்து. பட்டறைகளில் இருக்கிற ஆள் நீள லேத்து அல்ல. மேஜைமேல் தூக்கி வைத்துவிடலாம். பிழைப்புக்காக இல்லாமல் ஆசைக்காகக் கடைசல் வேலை செய்கிறவர்களுக்கென்று கோயம்புத்தூர்க்காரர்கள் செய்தது. இரும்பையோ பித்தளையையோ சுழலவிட்டு, கைப்பிடியைச் சுற்றி உளியை நகர்த்தி, வேண்டிய பருமனுக்குக் கடைந்துகொள்ளலாம். எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிய கைப்பிடியில் கோடு போட்ட ஒரு வளையம் இருக்கும். எத்தனை சுற்று, எத்தனை கோடு என்று நாம்தான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

எண்ண முடியாதவர்களுக்கு ஒரு பெட்டி உண்டு. கம்பெனிக்காரர்கள் அதற்கு 'டிஜிட்டல் ரீட் அவுட்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர் அதை 'நம்பர் பெட்டி' ஆக்கிவிட்டது. உளி நிற்கும் இடத்தை, நீளவாக்குக்கு ஒன்று, குறுக்குக்கு ஒன்று என்று இரண்டு வரிசைச் சிவப்பு எண்ணில் காட்டும். விலை அதிகம். அதனால் பெட்டி வைத்த லேத்து எங்கள் கடையில் ஒன்றுதான், மாதிரிக்கு. பெட்டி இல்லாதவை கோடவுனில் நாலைந்து கிடந்தன. முதலாளி அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார், "அந்தப் பெட்டி மிஷினு வித்துப்போச்சுன்னா இன்னொண்ணு எடுக்க மாட்டேன். லேத்து யாவாரத்தையும் மூடிருவேன். நீ கீழ பம்புசெட்டுக்குப் போயிரு."

கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த அன்பர்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும். அது விற்றுவிட்டால் எனக்கு ஜன்னலும் இல்லை, லேத்தும் இல்லை. அதனால் வந்தவர்களிடமெல்லாம் "பெட்டி எதுக்கு, கவனம் இருந்தா போதும்" என்று சொல்வதே என் தொழிலாகிப்போனது.

மத்தியானம் மூன்று மணி

மூன்று மணிக்கு ஜங்ஷன் லேசாகக் கண்ணசரும். பஸ்களின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். ஆனி, ஆடி என்றால் குற்றாலத்துச் சாரல் காற்று மிச்சம் மீதி எங்கள் ஜன்னல் வரை வரும். அண்ணாச்சி சாப்பிடப் போயிருப்பார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு பித்தளைத் துண்டைக் கடைய ஆரம்பிப்பேன். எதையும் செய்வதற்காக அல்ல. பித்தளைப் பொடி வெயிலில் மினுங்கி மினுங்கி உதிர்வதைப் பார்ப்பதற்காக. பெட்டியில் எண்கள் பைய இறங்கிக்கொண்டிருக்கும். நான் போகாத ஊர்களுக்கெல்லாம் போய்விடுவேன். ஒரு நாள் கப்பலில் இருப்பேன், ஒரு நாள் பனி பெய்யும் ஏதோ ஒரு தெருவில் நடப்பேன். எண்ணுகிற வேலையைப் பெட்டி பார்த்துக்கொண்டது. எனக்கு அதனிடம் பிடித்ததே அதுதான்.

ஒரு நாள் அப்படிப் போனவன் ரொம்ப தூரம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் இசக்கிமுத்து அண்ணன் நிற்கிறார். எங்கள் கடை மெக்கானிக். சொட்டைத் தலை, காதில் பென்சில், முகத்தில் எப்போதும் ஒரு சந்தேகம். அவர் லேத்தைப் பார்த்தார், கீழே கிடந்த பொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெருவெரல் தண்டி பித்தளை ஒண்ணு இதுல சுத்திக்கிட்டு இருந்துச்சே, அது எங்கவே?"

பூஜ்யம் ஆகாது

டவுனிலிருந்து ஒரு பிள்ளைவாள் வந்தார். தாசில்தாராக இருந்து ரிட்டயர்டானவர். பித்தளையில் சதுரங்கக் காய் முப்பத்திரண்டையும் தன் கையாலேயே கடைந்து, தன்னோடு தானே உட்கார்ந்து ஆட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆபீசில் முப்பது வருஷமாக அடுத்தவர்கள் நகர்த்தின காயாகவே இருந்தேன் என்று அவரே சொன்னார். பெட்டி வைத்த லேத்துதான் வேண்டும் என்று உறுதியாக வந்திருந்தார். ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு வரிசையிலும் பூஜ்யம் எரிந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "மொத மொதல்ல கண்ணுல படுதது பூஜ்யமா? அதுவும் ரெண்டு?" என்றார். இசக்கிமுத்து அண்ணன் விவரமானவர். "அதுக்கென்ன ஐயா" என்று பொத்தானை அமுக்கி, மொய் எழுதுகிற மாதிரி இரண்டு வரிசையிலும் நூற்றியொன்றை வரவழைத்துவிட்டார். பிள்ளைவாள் முகம் மலர்ந்தது. சட்டைப்பைக்குக் கை போனது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "நூத்தியொண்ணுல ஆரம்பிச்சா, எந்த அளவைப் பாத்தாலும் நூத்தியொண்ணைக் கழிச்சுக்கிடணும், ஐயா." வேண்டும்போது ஒரு பொத்தானில் அதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை நான் சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள வரும்போதே கழிக்கச் சொல்லுத மிஷினா?" என்று அவர் கையை வெளியே எடுத்துவிட்டார். பெட்டி இல்லாததை எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏற்றும்போதுதான் கைப்பிடி வளையத்திலும் ஒரு பூஜ்யம் இருப்பது அவர் கண்ணில் பட்டது. போச்சு, திரும்பவும் மாடிக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ மடியிலிருந்து கோயில் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தப் பூஜ்யத்தின்மேல் வட்டமாக ஒரு பொட்டு வைத்தார்.

"பூஜ்யம் இல்லாத எடம் ஏதுவே? நாமதான் பொட்டு வச்சு மறைச்சுக்கிடணும்."

அந்தப் பக்கத்து ஆள்

களக்காட்டில் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு, "கவனம் இருந்தா போதும் அண்ணாச்சி" என்று சொல்லிப் பெட்டி இல்லாத லேத்தைக் கொடுத்தனுப்பினேன். மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கு விதவிதமான மூக்குகளைத் தானே கடைந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பொழுதுபோக்கு. ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். மேஜைமேல் ஒரு பித்தளைத் துண்டை டொக்கென்று வைத்தார். பன்னிரண்டு மில்லி தடிமனைப் பத்தாக்க வேண்டும், சரியாக இரண்டு மில்லி சுற்றினேன், எட்டாகிவிட்டது, உன் மிஷின் பொய் சொல்கிறது என்றார்.

மிஷின் பொய் சொல்லவில்லை. உருண்டையான சாமான் சுழன்றுகொண்டே இருக்கும்போது உளி ஒரு பக்கம் இரண்டு மில்லி இறங்கினால், சுற்றிலும் இரண்டு மில்லி போகும். குறுக்களவில் நாலு குறையும். புதிதாக வாங்குகிற எல்லாரும் ஒரு தடவை இதில் விழுந்து எழுவார்கள். பெட்டி இருந்தால் குறுக்களவையே நேராகக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம், இந்தத் தலைவலி இல்லை. அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாங்கும்போதும் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டி, "பாதிதான் சுத்தணும், அண்ணாச்சி" என்று மட்டும் விளக்கினேன். அவர் வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போய் வந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது.

"நான் இந்தப் பக்கம் ரெண்டு மில்லிதானவே வெட்டுனேன், அந்தப் பக்கம் வெட்டுனவன் எவன், அதைச் சொல்லும்."

காயல்பட்டினத்துக் காக்கா

காயல்பட்டினத்தில் மூத்தவர்களைக் 'காக்கா' என்றும், ஆயுளை 'ஹயாத்து' என்றும் சொல்வார்கள். வளைகுடாவில் பெரிய பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றுவிட்டு ஊருக்கு வந்திருந்த ஒரு காக்கா, ஒரு நாள் மாடியேறி வந்தார். இவரிடம் கவனம், கத்திரிக்காய் என்றெல்லாம் பேச முடியாது. தொழில் தெரிந்தவர். அதனால் கடல் காற்றை முன்கூட்டியே தயார் பண்ணி வைத்திருந்தேன். உப்புக் காற்றில், பெட்டிக்கு அளவு எடுத்துக் கொடுக்கிற கண்ணாடி ஸ்கேல் கெட்டுப்போகும் என்று சொல்ல வேண்டும். உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து முன்னால் சுற்றினார், பிறகு பின்னால் சுற்றினார். பின்னால் சுற்றும்போது கொஞ்ச தூரம் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றும், உளி நகராது. மரை இடுக்கில் இருக்கிற லூசு. நம்மூர் ஆபீஸ்களில் "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. பெட்டி இருந்தால் அது ஏமாறாது, உளி நிஜமாக நகர்ந்தால்தான் எண் நகரும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனியால் அந்த லூசைத் தேடித் தேடி, அது எங்கே முடிந்து உளி எங்கே எழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கோடவுனிலிருந்து சாதா லேத்தை எடுத்துவரச் சொன்னார். என் கடல் காற்று வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பெட்டியை வேண்டாம் என்றதற்கு ஒரு மனுஷனுடைய காரணம் இருந்தது. என்னிடம் இருந்தது தந்திரம்.

"பதினெட்டு வருசம் நம்பரைப் பாத்துக்கிட்டே நின்னாச்சு தம்பி, இனி ஹயாத்து இருக்குத மட்டும் கையி சொல்லுததைக் கேட்டுக்கிட்டு இருந்தாப் போதும்."

சந்தனம்

அடுத்து வந்த ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி பூஜையில் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார். சந்தனத்தைக் கிண்ணத்தில் குழம்பாகக் கரைத்து, பம்புசெட்டில் ஆரம்பித்து எடைக்கல் வரை எல்லாவற்றுக்கும் மூன்று விரலால் இழுத்துக்கொண்டே வருவார். லேத்துக்கும் இழுத்தார். பக்கவாட்டில், பளபளவென்று நீளமாக ஓர் அலுமினியப் பட்டை இருந்தது. பூசுவதற்கென்றே வைத்த இடம் மாதிரி அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதற்குள்தான் பெட்டிக்குக் கண்ணாக இருக்கிற கண்ணாடி ஸ்கேல் இருந்தது. சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஸ்விட்சைப் போட்டால் எண்கள் பேயாட்டம் ஆடின. உளி அசையாமல் நிற்கிறது, பெட்டியோ எழுபது என்கிறது, முன்னூறு என்கிறது.

இசக்கிமுத்து அண்ணன் அந்தப் பட்டையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் காய்ந்த சந்தனத்தைத் துடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எண்கள் ஒழுங்காக நின்றபோது என்னை அறியாமல் பெட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மாடிப்படியில் அண்ணாச்சி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. வியாபாரி அல்லவா, ஒரே பார்வையில் எல்லாம் விளங்கியிருக்கும். இத்தனை மாதமாக அந்த மிஷின் ஏன் விற்கவில்லை என்பதும் சேர்த்து.

"சாமிக்கு வச்ச சந்தனம் ஒத்துக்கிடாத மிஷினு நம்ம கடையில எதுக்குலே, தீவாளிக்குள்ள அதைத் தள்ளி விட்டுரு."

முக்கூடல் பஸ்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம். வெளியே மழை வருகிற மாதிரி வெளிச்சம் மங்கி, பெட்டியின் சிவப்பு எண்கள் மட்டும் பிரகாசமாக இருந்தன. இன்னும் எத்தனை மத்தியானம் பாக்கி என்று நினைத்துக்கொண்டே கடைந்துகொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நாற்பது வயசு இருக்கும். தோளில் ஆபீஸ் பை, கையில் காலி டிபன் தூக்கு. நான் திரும்பினதும், "நிறுத்தாதீங்க தம்பி, அது முடியட்டும்" என்றார். பெயர் கோமதி. முக்கூடல்காரர். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பாக்கி வேலை இருந்ததால் சனிக்கிழமையும் போய்விட்டு வருகிறாராம்.

நான் வழக்கமான தப்பைச் செய்தேன். "வீட்டுல ஐயாவுக்கா, அக்கா?" என்றேன். "எனக்கு" என்றார். ஒரு நீராவி இஞ்சின் செய்கிறாராம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. அடுப்பில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் அது ஓட வேண்டுமாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பித்தளையைப் பொடியாக்கிக்கொண்டு கப்பலில் போகிறவன் அதைக் கேட்கக் கூடாது.

வாய் பழக்கத்தில், "பெட்டி தேவையில்லக்கா, கவனம் இருந்தா போதும்" என்றேன்.

"அது ஒண்ணுதான தம்பி எனக்குக் கெடைக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்கிற மாதிரி சொன்னார். "ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போனா, ராத்திரிச் சமையலுக்கு முன்ன முக்கா மணி நேரம் எனக்குன்னு இருக்கு. எங்க அண்ணன் பட்டறை பக்கத்து வாசல்தான். அங்கன போயி லேத்துல நிப்பேன். மூணு சுத்து, நாலு சுத்துன்னு எண்ணிக்கிட்டு இருக்கும்போது யாராவது கூப்பிடுவாங்க. மாமாவுக்கு மாத்திரை எங்க, பால் பொங்குது, கரண்டு பில்லு எங்க. பதில் சொல்லிட்டுத் திரும்பினா அஞ்சாவது சுத்தா ஆறாவது சுத்தான்னு தெரியாது. இது வரைக்கும் அஞ்சு சிலிண்டர் கெட்டுப்போச்சு. அண்ணன் இனி பித்தளையைத் தொடாதன்னுட்டான்."

சொல்வதற்கு என்னிடம் கடல் காற்று இருந்தது, சந்தனம் இருந்தது, நூற்றியொன்றைக் கழிக்கிற கணக்கு இருந்தது. முக்கூடல் கடலோரம் இல்லை என்றாலும் அவசரத்துக்கு ஆற்றுக் காற்றாக்கிச் சொல்லிவிடலாம். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு எங்கோ போய்விடுகிறது, அவருக்கு யாரோ கூப்பிட்டு மனசைக் கொண்டுபோய்விடுகிறார்கள். இரண்டு பேருக்கும் எண்ணிக்கை நிற்காது. இந்தப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆள் என் எதிரில் நின்றார், நான் அதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்களவை நேராகக் காட்டும், மரை லூசில் ஏமாறாது, பூஜ்யத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி கடைசி எண்ணை வைத்திருக்கும், ஆனால் கரண்ட் இல்லாதபோது கைப்பிடியைச் சுற்றினால் அதற்குத் தெரியாது. ஆயுத பூஜைக்கு இந்தப் பட்டையில் மட்டும் சந்தனம் வைத்துவிடாதீர்கள். விலையையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "ஒரு தடவை சுத்திப் பாக்கட்டுமா?" என்றார்.

டிபன் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். பழகின கை. பாதியில் நான் வேண்டுமென்றே கூப்பிட்டேன். "அக்கா, முக்கூடலுக்குக் கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்கு?" சட்டென்று விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பஸ் நேரம் சொன்னார், சனிக்கிழமை அது வராமல் போவதையும் சொன்னார், வராவிட்டால் மாற்றி ஏற வேண்டிய பஸ்களையும் சொன்னார். இப்படிக் கேட்டதற்கெல்லாம் முழுசாகப் பதில் சொல்லியே பழகினவர். சொல்லி முடித்தபிறகுதான் பதறிப்போய்த் திரும்பினார். பெட்டியில் பன்னிரண்டு புள்ளி நாற்பது. விட்ட இடத்திலேயே எண் நின்றது. ஜன்னலுக்கு வெளியே முதல் தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி, கீழே கிடந்த பித்தளைப் பொடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எங்க வீட்டுல, நான் திரும்பி வாரது வரைக்கும் எனக்காக நிக்கப்போற மொத சாமான் இதுதான் தம்பி, பில்லைப் போடுங்க."

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை நான் கீழே பம்புசெட்டுக்குப் போனேன். அங்கே ஜன்னல் கிடையாது, மத்தியானம் எப்போது வந்து எப்போது போகிறது என்றே தெரியாது. ஆக, பம்புசெட்டு விற்றதையும் சேர்த்து ஆறு வருஷ விற்பனை வேலையில் நான் யோக்கியமாக விற்ற ஒரே சாமான், விற்கவே கூடாது என்று நான் காவல் காத்த சாமான்தான்.